கணினி பவர் சப்ளையில் எல்இடி: 150 ஓம் ஏன்?

கணினி பவர் சப்ளையில் எல்இடியை எரிய வைக்க, கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். சப்ளையில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5, கறுப்பு கிரவுண்ட். கணினி இல்லாமல் தனியாக ஓட்ட, பச்சை வயரைக் கறுப்போடு இணைத்தால் ஆன் ஆகும்.

ரெசிஸ்டர் கணக்கு எளிது: சப்ளை வோல்டேஜில் எல்இடி எடுத்துக்கொள்வதைக் கழித்து, மிச்சத்தைக் கரண்டால் வகுக்க வேண்டும். வெள்ளை எல்இடி சுமார் 3.2 வோல்ட் எடுக்கும். 12 வோல்ட்டில் மூன்றை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டால் 9.6 போக மிச்சம் 2.4. அதை எல்இடிக்கு வழக்கமாகத் தரும் 0.02 ஆம்பியரால் (20 மில்லி ஆம்பியர்) வகுத்தால் 120 ஓம். ஆனாலும் 150 போடுங்கள். 12 வோல்ட் லைன் 5 சதவீதம் ஏறி 12.6 வரை போகலாம். அப்போது 120 ஓமில் கரண்ட் 25 மில்லி ஆம்பியர் ஆகிவிடும், 150 இருந்தால் 20-ஐத் தாண்டாது. வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது. நான்கை சீரிஸில் போட்டால் 12.8 வோல்ட் தேவை, ஒழுங்காக எரியாது.

12 வோல்ட்டில் ஒரே ஒரு வெள்ளை என்றால் 470 ஓம், கால் வாட். தொட்டால் சூடு தெரியும், பரவாயில்லை. சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட்தான். 5 வோல்ட் லைனில் 220 ஓம் போதும்.

தயவுசெய்து பல எல்இடிகளை பேரலலில் (பக்கம் பக்கமாக) கட்டி ஒரே ரெசிஸ்டர் போடாதீர்கள். வோல்டேஜ் கொஞ்சம் குறைவாக எடுக்கும் எல்இடி அதிகக் கரண்டை இழுத்துக்கொண்டு முதலில் கருகும், பிறகு சுமை மற்றவற்றின் மேல் விழும். ஒவ்வொரு வரிசைக்கும் தனி ரெசிஸ்டர். சால்டர் செய்த இடமெல்லாம் ஸ்லீவ் (இன்சுலேஷன் குழாய்) கட்டாயம்: இந்த சப்ளை பல ஆம்பியர் தள்ளக்கூடியது, ஷார்ட் ஆனால் மெல்லிய வயர் உருகிவிடும்.