998 சி.சி. காருக்கு 1197 சி.சி. பாலிசி

கார் வந்து ஐந்து வாரம் ஆகிறது. அதில் மூன்று வாரம், பாலிசியில் தவறாக ஏறிய ஓர் எண்ணைத் திருத்துவதிலேயே போய்விட்டது. நேற்று மாலைதான் திருத்திய பாலிசி கைக்கு வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் டர்போ கார் வாங்கப் போகிற யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட், மாருதி ஃபிராங்க்ஸ் போன்ற கார்களில் ஒரே காருக்கு இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள் உண்டு. சாதாரணமானது 1197 சி.சி.; டர்போ 998 சி.சி. டர்போவுக்கு இழுவை அதிகம், விலையும் அதிகம். ஆனால் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை (நம் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கானது) அரசு நிர்ணயிப்பது சி.சி.யை, அதாவது எஞ்சினின் கன அளவை வைத்துத்தான். 1000 சி.சி. வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய். 2022 ஜூனில் வந்த கட்டணம் இது. புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கட்ட வேண்டும்: 6,521 அல்லது 10,640. ஆக, இந்தப் பகுதியில் டர்போவுக்குத்தான் செலவு குறைவு.

முன்பதிவு, வங்கிக் கடன், பதிவு எதிலும் சிக்கல் இல்லை. விலைப்பட்டியலில் ‘இன்சூரன்ஸ்’ என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். “டர்போ என்றால் கூடத்தான் சார் வரும்” என்றார் விற்பனையாளர். நம்பிப் பணம் கட்டினேன். அங்கேயே விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, அலுவலகத்தில் இதே எஞ்சின் கார் வைத்திருக்கும் நண்பர் தன் பாலிசியைக் காட்டினார். மூன்றாம் நபர் பகுதியில் 6,521. என்னுடையதில் 10,640. வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தை வரி வரியாகப் படித்தேன். எஞ்சின் எண் சரி, சேஸிஸ் எண் சரி. கன அளவு என்ற கட்டத்தில் மட்டும் 1197. மாடல் பெயரிலும் ‘டர்போ’ இல்லை. ஐ.டி.வி., அதாவது காருக்குப் பாலிசியில் போட்டிருக்கும் மதிப்பு, 8,36,000 ரூபாய். என் காரின் ஷோரூம் விலை 10,40,000. புதுக் காருக்கு 5 சதவீதம் கழித்தால் 9,88,000 வந்திருக்க வேண்டும். அதாவது கார் திருடுபோனாலோ முழுவதும் நொறுங்கினாலோ எனக்கு 1,52,000 ரூபாய் குறைவாகத்தான் கிடைக்கும். கூடுதலாகக் கட்டிய நாலாயிரம் ரூபாயை அந்த நிமிடமே மறந்துவிட்டேன்.

மறுநாள் ஷோரூமுக்குப் போனேன். “இதை நாங்கள் மாற்ற முடியாது, கம்பெனிக் கிளைக்குப் போங்கள்” என்றார் காப்பீட்டு மேசையில் இருந்தவர். அரை நாள் விடுப்பு எடுத்துக் கிளைக்குப் போனால், “பாலிசி போட்டவர்கள்தான் எண்டார்ஸ்மென்ட் (பாலிசித் திருத்தம்) கோரிக்கை அனுப்ப வேண்டும்” என்று திருப்பி அனுப்பினார்கள். மீண்டும் ஷோரூம். படிவம் 21 நகல் கேட்டார்கள், என்னிடம் ஆர்.சி. மட்டும்தான் இருந்தது. அந்தப் படிவமே அவர்கள் கொடுத்த விற்பனைச் சான்றுதான்! அதன் நகல் அவர்கள் கோப்பிலேயே இருக்கும். எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் மனமில்லை. “ஓன் டேமேஜுக்குக் குறைவாகத்தானே சார் கட்டியிருக்கிறீர்கள், அப்படியே விட்டுவிடுங்களேன்” என்று ஒருவர் ஆலோசனை வேறு சொன்னார். ஓன் டேமேஜ் என்பது நம் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான பகுதி; ஐ.டி.வி. குறைந்தால் அதன் கட்டணமும் குறையும். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். ஆர்.சி.யில் 998, பாலிசியில் 1197 என்று இருந்தால், நாளை இழப்பீடு கேட்கும்போது சேதத்தை மதிப்பிட வந்து நிற்கிற சர்வேயர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

அதன்பிறகு நேரில் அலைவதை நிறுத்தினேன். படிவம் 21, ஆர்.சி., ஷோரூம் ரசீது, பாலிசி நான்கையும் ஸ்கேன் செய்து, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். எது தவறு, எப்படி இருக்க வேண்டும் என்று மூன்றே வரி எழுதினேன். பதில் வராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்தில் புகார் செய்வேன் என்று நான்காவது வரி. இரண்டாம் நாளே தொலைபேசியில் அழைத்தார்கள். ஷோரூமில் எவ்வளவு கத்தியும் நடக்காதது, எழுத்தில் போனதும் நடந்தது.

கணக்கு இப்படி முடிந்தது. மூன்றாம் நபர் பகுதியில் 4,119 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 4,860 குறைந்தது. ஐ.டி.வி. உயர்ந்ததால் ஓன் டேமேஜ் பகுதியில் வரியுடன் 2,900 கூடியது. எனக்குத் திரும்ப வரவேண்டியது 1,960 ரூபாய். அடுத்த இரண்டு ஆண்டும் ஓன் டேமேஜ் மட்டும் புதுப்பித்தால் போதும். அங்கே டர்போவுக்குக் கூடத்தான் ஆகும். வண்டியின் விலையே அதிகம் என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை.

வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே பாலிசியின் வரைவைக் கேட்டு வாங்குங்கள். சி.சி., மாடலின் முழுப்பெயர், ஐ.டி.வி. மூன்றையும் ரசீதோடு ஒப்பிடுங்கள். ஷோரூம் சொல்கிற நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள். பழைய காரை விற்றிருந்தால் அதன் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) சான்றையும் மறக்காமல் வாங்கிக் கொடுங்கள். எனக்கு ஓன் டேமேஜ் கட்டணத்தில் 35 சதவீதம் அதனால்தான் குறைந்தது.

பணம் ஏழு வேலை நாளில் வங்கிக் கணக்குக்கு வரும் என்றிருக்கிறார்கள். மின்னஞ்சலுக்குக் கொடுத்த புகார் எண்ணை அதுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.