வெசாக் விடுமுறையில் வீங்கிய கன்னம்

இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் இரண்டு வருடத்துக்கு முன் அடைத்த அடைப்பு, தைப்பொங்கலுக்கு முறுக்குக் கடிக்கும்போது கழன்று விழுந்தது. வலி இல்லை. குளிர்தண்ணீர் குடித்தால் கொஞ்சம் கூசும், அவ்வளவுதான். சம்பளம் வரட்டும், வேலை குறையட்டும் என்று நாலு மாதம் ஓட்டினேன். குழிக்குள் சோறு போய் அடைபடும். தீக்குச்சியால் கிண்டி எடுப்பேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

2023 மே 4, வியாழன் இரவு தொடங்கியது. மறுநாள் வெசாக், பௌத்தர்களின் பெரிய பண்டிகை. கொழும்பில் இருப்பவர்களுக்கு இது விளங்கும்: வெள்ளி போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, சனி அதற்கு மறுநாள் விடுமுறை, அப்புறம் ஞாயிறு. தெரிந்த பல் டொக்டர்மார் இரண்டு பேருக்கு அடித்துப் பார்த்தேன், ஒருவரும் எடுக்கவில்லை.

எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். தலையணையில் தலை வைத்ததும் நெஞ்சுக்குள் அடிக்க வேண்டியது தாடைக்குள் அடிக்கும். படுத்தால் தலைக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. பல்லின் உள்ளே இருக்கும் சதைக்கோ வீங்க இடமில்லை, சுற்றிவரக் கல்லுச் சுவர். அதுதான் அந்த விண்விண். ஒரு வினோதம், அதுவரை கூசிய குளிர்தண்ணீர்தான் இப்போது மருந்து. வாயில் வைத்திருக்கும்வரை நோவு நிற்கும், தண்ணீர் சூடேறியதும் திரும்பிவிடும். வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில், குளிர்ந்த போத்தலை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை மிடறு மிடறாக வாயில் வைத்திருந்தேன்.

அம்மா மட்டக்களப்பில் இருந்து போனில், கராம்பை நசுக்கி வைக்கச் சொன்னார். வைத்தேன். ஐந்து நிமிடம் விறைத்தது, அப்புறம் ஈறு எரிந்தது. கூட வேலை செய்யும் ஒருவன் அஸ்பிரினைப் பல்லோடு ஒட்டி வைக்கச் சொன்னான். நல்ல காலம், கேட்கவில்லை. அது ஈறை வேக வைத்துவிடும். பனடோல் இரண்டிரண்டாக ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல் எண்ணிப் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் வலி திடீரென்று விட்டுவிட்டது. மிச்சமே இல்லை. குளித்துவிட்டு, ஒன்றரை நாள் பட்டினிக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். பின்னேரம் கங்காராமைப் பக்கம் வெசாக் கூடு (வெளிச்சக் கூடு) பார்க்கப் போனேன். வழியில் ஐஸ்கிரீம் தன்சல், வெசாக்குக்கு இலவசமாகக் கொடுக்கும் பந்தல். வரிசையில் நின்று வாங்கி, வேண்டுமென்றே இடது பக்கத்தால் சாப்பிட்டுப் பார்த்தேன். கூசவே இல்லை! அம்மாவுக்குப் போன் எடுத்து, கராம்பு வேலை செய்துவிட்டது என்று சொன்னேன். நரம்பு செத்துப்போனால் ஐஸ்கிரீம் கூசாது என்பது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

ஞாயிறு காலை முகம் கழுவும்போது கை என் கன்னத்தில் படவில்லை, வேறு யாருடைய கன்னத்திலோ பட்டதுபோல இருந்தது. இடது தாடை வீங்கி, தோல் இழுபட்டு மினுங்கியது. தொட்டால் சூடு. வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. உடம்பும் காய்ந்தது.

வீட்டுக்கார அன்ரி யாழ்ப்பாணத்து மனுசி. ஒரு பார்வைதான். “தம்பி, உது சும்மா பல்லுக்கொதி இல்லை, பழுத்துக்கொண்டு வருது. வெளிக்கிடும்” என்றார். நான் முதலில் பாமசிக்குத்தான் போனேன். பெயர் எழுதாத கடதாசிப் பையில் மூன்று வகைக் குளிசை தந்தார்கள். என்ன குளிசை என்று கேட்டால், “வீக்கத்துக்கு ஒன்று, நோவுக்கு ஒன்று” என்றார்கள். அன்ரி பையைப் பார்த்துவிட்டுப் போடவே விடவில்லை. அந்த வருடம் டெங்கு கடுமையாக இருந்த நேரம். காய்ச்சலோடு டைக்ளோபெனாக், இபுபுரூபன் மாதிரியான நோவுக் குளிசைகளைப் போட்டு, உண்மையில் டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவு வரலாம். அன்ரிக்கு இது தெரிந்திருந்தது, காசு வாங்கிக் குளிசை தந்தவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு தனியார் வைத்தியசாலையின் அவசரப் பிரிவு. அங்கிருந்த இளம் டொக்டர் பல்லைப் பார்க்கும் முன் நிறையக் கேட்டார். எச்சில் விழுங்க முடிகிறதா? மூச்சு எப்படி? குரல் மாறியிருக்கிறதா? நாக்கை மேலே தூக்கச் சொல்லி, நாக்குக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் விரலால் அமர்த்திப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். கீழ்ப் பல்லின் சீழ் அந்தப் பக்கம் இறங்கி, இரண்டு பக்கமும் பரவினால், நாக்கைத் தூக்கி மூச்சுக்குழாயை அடைக்கும் என்றார். லுட்விக் அஞ்சைனா என்று பெயர். லுட்விக் என்ற ஜெர்மன் வைத்தியர் 1836இல் விவரித்தது. எனக்கு அது இல்லை. ஆனால் இரவில் வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், விடியும்வரை இருக்காமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸில் வரச் சொன்னார். இரத்தம் சோதித்ததில், டெங்குவில் குறையும் பிளேட்லெட் குறையவில்லை, வெள்ளை அணுக்கள்தான் கூடியிருந்தன. கிருமியைக் கொல்ல அமொக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் எழுதினார். மெட்ரோனிடசோல் போட்டால் வாயெல்லாம் செப்புக்காசு நக்கியது போல ஒரு சுவை. அது முடியும்வரையும், முடிந்து இரண்டு மூன்று நாளைக்கும் மதுபானம் தொடக்கூடாது.

திங்கள் காலை வீக்கம் ஒரு சொட்டுக் குறைந்திருந்தது, காய்ச்சலும் இல்லை. மருந்து பிடிக்கிறது, வேலைக்குப் போனால் என்ன என்று மனம் மறுபடி கணக்குப் போட்டது. அன்ரி வாசலில் ஓட்டோவை மறித்து வைத்திருந்தார்.

வாட் பிளேஸில் இருக்கும் தேசிய பல் வைத்தியசாலைக்குப் போனோம். இத்தனை நாள் விடுமுறை என்றால் எத்தனை கன்னங்கள் வீங்கியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். துண்டுச்சீட்டு எடுத்து, வாங்குப் பலகையில் கன்னத்தைப் பிடித்தபடி இருந்தோம். அங்கே எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள். என் சிங்களம் கடைக்குப் போதும், வைத்தியசாலைக்குப் போதாது. “கட்ட அரின்ன”, வாயைத் திற என்று டொக்டர் சொல்ல, நான் இரண்டு விரல் அளவு திறக்க, அவருக்கு மொழியே தேவைப்படவில்லை.

எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு நிழல். அது எலும்பு கரைந்த இடம். வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற முடியாதா என்று கேட்டேன். ஈறுக்குக் கீழேயும் சூத்தை இறங்கிவிட்டது, மேலே கட்ட எதுவும் மிச்சமில்லை என்றார். குளிசையால் மட்டும் சுகமாகாதா என்பது அடுத்த கேள்வி. செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே எப்படிப் போகும் என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அதோடு எல்லாம் விளங்கிவிட்டது.

விறைப்பு ஊசி பற்றி மட்டும் உண்மையைச் சொல்கிறேன். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் அந்த மருந்து சரியாக வேலை செய்யாது. அதனால் வீக்கத்தில் குத்தாமல், தாடையின் பின்பக்கம் நரம்பு நுழையும் இடத்தில் போட்டார். உதடு பாதி மரத்தது, பல் முழுதாக மரக்கவில்லை, இன்னொன்று போட்டார். பிறகு இழுபடுவது மட்டும் தெரிந்தது. பல் வந்ததும் பின்னாலேயே சீழ் வந்தது. அந்த நாற்றத்தை விவரிக்கப் போவதில்லை. ஆனால் அது வெளியே வந்த அந்த நிமிடமே தாடை இலேசானது.

பஞ்சைக் கடித்தபடி வந்தேன். அன்று கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, மறுநாளில் இருந்து உப்புத்தண்ணீர். ஒரு சதம் கட்டவில்லை. அன்ரி ஒரு கிழமை கஞ்சி காய்ச்சித் தந்தார். தாடைக்கடியில் ஒரு கட்டி மட்டும் சில நாள் கல்லுப்போல இருந்து மெதுவாகக் கரைந்தது.

வலது பக்கத்தில் இன்னொரு அடைப்பு ஆடுவதாகவும் டொக்டர் துண்டில் எழுதியிருந்தார். நாள் குறிக்கும் மிஸ் எப்போது வசதி என்று கேட்டார். அடுத்த போயாவுக்கு முதல் எந்த நாள் என்றாலும் சரி என்றேன்.