லோடர் வந்துவிட்டது

போன கிழமை பாவித்த ஸ்கிட் ஸ்டியர் லோடர் (மண் அள்ளும் சிறிய இயந்திரம்) ஒன்று வாங்கினேன். எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும் மணித்தியால மீற்றரை மட்டும் நம்ப மனம் வரவில்லை. என்ஜின் ஒயில், ஹைட்ரோலிக் ஒயில், பில்டர் எல்லாவற்றையும் முதலிலேயே மாற்றிவிட்டேன்.

பலர் மறந்துவிடுவது சில்லுகளைச் சுழற்றும் சங்கிலிப் பெட்டியின் ஒயிலை. வடித்துப் பார்த்தால் பால் தேநீர் போலக் கலங்கி வந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது! விரலில் தேய்த்துப் பார்த்தேன், நல்லவேளை இரும்புத்தூள் இல்லை.

வேலை நிலாவெளிக் கடற்கரைப் பக்கம். உப்புக்காற்றுதான் பயம். பின்னேரம் நல்ல தண்ணீரில் கழுவி, பழைய கிறீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை மூட்டுகளில் உள்ள ஒவ்வொரு பின்னுக்கும் (pin) புதிய கிறீஸ் அடிக்கிறேன்.

தம்பிமாரே, லோடரின் தூக்கிய கைக்குக் கீழே வேலை செய்வதென்றால், அது கீழே விழாமல் தாங்கும் பூட்டைப் போடாமல் தலையை நீட்டாதீர்கள்.