பதினேழாம் சிப்: ஜனவரிக் குறிப்புகள்

ஜனவரி 6, திங்கள்

நாங்கள் வரைந்த ஏடிசி சிப்புகள் (அனலாக் சமிக்ஞையை எண்களாக மாற்றுபவை) இருபதும் வந்து சேர்ந்தன. 27 டிகிரியில் இருபதும் ஒழுங்காக இயங்குகின்றன. அறை வெப்பநிலையில் இயங்குவதை வைத்து எதையும் நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 8, புதன்

நாள் முழுவதும் மின்தேக்கிக் குறியீடுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு மின்தேக்கியை இணைப்பது என்று சொல்லும் எண்கள் அவை; எண் கூடினால் மின்தேக்கியும் கூடும். வரைந்தபோது நடுவில் 16 என்று வைத்தோம். வந்தவை எல்லாம் 19க்கும் 21க்கும் இடையில் நிற்கின்றன. ஒரு படிக்கு 2 சதவீதம் என்ற கணக்கில், மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கி வரும் காலம் இந்தத் தொகுதியில் ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆலையிலிருந்து வரும் சரக்கில் இது பெரிய விலகல் அன்று. அந்தக் காலம் 25 சதவீதம் கூடிவிட்டால் எங்கள் மூன்றாம் வரிசை டெல்டா-சிக்மா ஏடிசியில் (தன் வெளியீட்டைப் பின்னூட்டமாக உள்ளீட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் வகை; சமிக்ஞையைத் தொடர்ந்து கூட்டிச் சேர்க்கும் மூன்று இன்டெக்ரேட்டர்கள் கொண்டது) இரைச்சல் ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும், அதோடு தப்பித்துக்கொள்ளலாம். அதே அளவு குறைந்தாலோ பின்னூட்ட வளையம் மிதமிஞ்சிய வேகம் கொண்டு நிலைகுலைந்துவிடும். ஆகவேதான் ஒவ்வொரு சிப்பும் மின்சாரம் கிடைத்தவுடன் தன் மின்தேக்கி ஒன்றை நிரப்பி, அதற்கு ஆகும் நேரத்தை வெளியிலிருந்து வரும் படிகக் கடிகாரத்தின் துடிப்புகளால் எண்ணி, தனக்குரிய குறியீட்டைத் தானே தேர்ந்துகொள்ளும்படி செய்தோம். இந்தப் பகுதி நான் எண்ணியபடியே வேலை செய்வதைப் பார்க்க உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

ஜனவரி 9, வியாழன்

85 டிகிரி. இருபதும் நலம்.

ஜனவரி 10, வெள்ளி

மைனஸ் 40 டிகிரியில் 17ஆம் சிப் குலைந்துவிட்டது. இன்டெக்ரேட்டர்கள் மூன்றும் எல்லையில் முட்டி நிற்க, வெளியீடு உச்சத்துக்கும் அடிமட்டத்துக்குமாக மாறி மாறி அடிக்கிறது. ரீசெட் கொடுத்தால் மீள்கிறது. சில நொடிகளில் மறுபடியும் விழுகிறது. மற்ற பத்தொன்பதும் அசையவில்லை.

ஜனவரி 11, சனி

சிப் தன் குறியீட்டைத் தேர்ந்துகொள்ளும் திருத்தம் நடந்தது 27 டிகிரியில். குலைந்தது மைனஸ் 40இல். இடையில் 67 டிகிரி. இந்த இடைவெளியில் மின்தடைகள் நகர்ந்திருக்குமோ என்று இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வெப்பத்தில் ஏறும் மின்தடை ஒன்றையும் இறங்கும் மின்தடை ஒன்றையும் தொடராக இணைத்து, டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் நகராதபடி அமைத்தவனே நான்தான். 67 டிகிரிக்கும் சேர்த்து 0.67 சதவீதம், ஒரு படியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். குளிரிலேயே திருத்தத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அறை வெப்பநிலையில் கிடைத்த அதே 20தான் வந்தது.

ஜனவரி 13, திங்கள்

குறியீட்டைக் கையால் 24 என்று எழுதினேன். 17ஆம் சிப் மைனஸ் 40இல் நிலைத்து நின்றது. இரைச்சல் 2 டெசிபெல் கூடியது. குறியீடு 20 சரியென்றால் 24இல் ஏன் நிற்க வேண்டும்?

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஆய்வகம் பூட்டியிருக்கிறது.

1927 ஆகஸ்ட் 2 அன்று ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்ட் பிளாக், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே, வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே திருப்பிப் பிழையைத் திருத்தும் எதிர்ப் பின்னூட்டப் பெருக்கியை வரைந்தார். வெற்றிடக் குழாய் வால்வுகளின் பெருக்கம் ஒன்றுக்கொன்று மாறுபட்டாலும், நாளாக ஆகத் தேய்ந்தாலும், வெளியீடு மாறாமல் இருக்க வேண்டும் என்பதே அவருடைய கவலை. எங்கள் கவலையும் அதுவே. ஆனால் திரும்பி வரும் சமிக்ஞை தாமதமாக வந்தால், திருத்த வேண்டிய பின்னூட்டமே பிழையை வளர்க்கும். எந்த அளவுக்கு மேல் வளர்க்கும் என்பதற்கு 1932இல் பொறியாளர் ஹாரி நைக்விஸ்ட் நிபந்தனை தந்தார். பொங்கல் பொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் இது உறைத்தது: 24இல் வளையம் மெதுவாகிறது, மெதுவான வளையம் கூடுதல் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். நான் இத்தனை நாளும் காலத்தை அளந்தேன், தாமதத்தை அளக்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

கடிகாரத்தை 640 மெகாஹெர்ட்ஸிலிருந்து 600க்குக் குறைத்துத் திருத்தத்தை ஓட்டினேன். குறியீடு தானாக 23க்கு நகர்ந்தது. ஆகவே துடிப்போடு ஒப்பிட வளையத்தின் வேகம் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: அரைத் துடிப்பு 781 பிகோ நொடியிலிருந்து 833 ஆனது. 17ஆம் சிப் மைனஸ் 40இல் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றது. பிறகு 640க்கே திரும்பி, தர்க்கச் சுற்றின் மின்னழுத்தத்தை 50 மில்லிவோல்ட் உயர்த்தினேன். அப்போதும் நின்றது.

சமிக்ஞையின் அளவை ஒப்பிடும் கம்பரேட்டர் எடுக்கும் முடிவு, டிஏசியின் (எண்ணை மறுபடி அனலாக் ஆக்கிப் பின்னூட்டமாக அனுப்பும் சுற்று) கூறுகளைச் சுழற்றித் தேர்ந்தெடுக்கும் தர்க்கச் சுற்றைக் கடந்து, அரைத் துடிப்புக்குள், மதிப்பைப் பிடித்து வைக்கும் லேட்ச்சை அடைய வேண்டும். சூட்டில்தான் டிரான்சிஸ்டர்கள் மந்தமாகும் என்று எண்ணி, மெதுவான கார்னரை (ஆலையின் விலகலில் டிரான்சிஸ்டர்கள் மிக மந்தமாக அமையும் நிலை) 125 டிகிரியில் மட்டும் சிமுலேஷன் செய்தேன். குறைந்த மின்னழுத்தத்தில் நிலைமை தலைகீழாகும். குளிரில் டிரான்சிஸ்டர் திறக்கத் தேவையான வாசல் மின்னழுத்தம் உயர்ந்து, எலெக்ட்ரான்களின் இயக்கம் கூடிய லாபத்தை விழுங்கிவிடுகிறது. லேட்ச் பழைய மதிப்பையே பிடித்துக்கொள்ள, பின்னூட்டம் ஒரு முழுத் துடிப்பு பிந்திப் போகிறது. இந்தத் தவறு என்னுடையது. நாளை மறுவரைவுக் கூட்டத்தில் இதை அப்படியே சொல்வேன்.

ஜனவரி 20, திங்கள்

சிப்பிலுள்ள சோதனை ரிங் ஆசிலேட்டர் (டிரான்சிஸ்டர்களின் வேகத்துக்கு ஏற்பத் தானே சுழலும் சுற்று) தர்க்கச் சுற்றின் அதே வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. அதன் சுழற்சிகளைப் படிகத்தின் துடிப்போடு எண்ணிப் பார்த்து, குறைந்தால் தர்க்கச் சுற்றின் மின்னழுத்தத்தை 10 மில்லிவோல்ட் ஏற்றி, கூடினால் இறக்கும் இரண்டாவது வளையம் ஒன்றைக் கணினியிலிருந்தே ஓட்டத் தொடங்கினேன். டிஏசி லேட்ச்சின் மின்வழி தனி என்பது பெரிய ஆறுதல். இல்லையென்றால் இந்த ஏற்றயிறக்கம் நேராகத் துடிப்பின் விளிம்பில் நடுக்கமாக வந்து சேர்ந்திருக்கும்.

ஜனவரி 22, புதன்

சமிக்ஞையின் இருபுறமும் 500 ஹெர்ட்ஸ் தள்ளி இரண்டு முட்கள், அதாவது வேண்டாத அதிர்வெண்கள், முளைத்திருந்தன. மின்னழுத்தம் ஒரு மில்லி நொடியில் ஒரு படி ஏறி, அடுத்த மில்லி நொடியில் இறங்கி ஊசலாடிக்கொண்டிருந்ததே காரணம். எண்ணிக்கை இலக்கிலிருந்து ஒரு படிக்கு மேல் விலகினால் மட்டும் நகரும்படி மாற்றினேன். முட்கள் மறைந்தன.

ஜனவரி 23, வியாழன்

போர்டில் பனி படிந்துவிட்டது. உலர்ந்த நைட்ரஜன் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி

17ஆம் சிப், குறியீடு 20, கடிகாரம் 640. நிமிடத்துக்கு ஒரு டிகிரியாக இறக்குகிறேன். மைனஸ் 20இல் மின்னழுத்தம் இரண்டு படி ஏறியிருந்தது. மைனஸ் 31இல் நான்காவது படியும் ஏறியது. வளையம் நிலைத்து நிற்கிறது. மைனஸ் 34...