கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு

கேமிங் லேப்டாப் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை முதல் வார விமர்சன வீடியோ சொல்லாது. சேலத்துச் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில் அதே மெஷின் வேறு மாதிரி. அறைச்சூடு 10 டிகிரி ஏறினால் சிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும், இல்லையென்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்காட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

இரண்டு மூன்று வருஷமாக வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் சிப்புக்கு முன்னால் போவது ஹிஞ்ச் (மூடியைத் திறந்து மூடும் கீல்), ஃபேன், பேட்டரிதான். கடையில் மூடியை ஒரு ஓரமாகப் பிடித்துத் திறந்து பாருங்கள். ஹிஞ்ச் பக்கம் பிளாஸ்டிக் விரிந்து கொடுத்தால் வேண்டவே வேண்டாம். சார்ஜரிலேயே கிடக்கும் மெஷினுக்கு, சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி கட்டாயம். எப்போதும் 100-ல் சூட்டோடு இருந்தால் பேட்டரி சீக்கிரம் தளரும், உப்பவும் செய்யும். அப்புறம், ஃபேன் போனால் உதிரி நம்ம சேலம் ஐந்து ரோட்டுப் பக்கமே கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.