மக்னீசியமும் என்ர கெண்டைக்காலும்

இரவில கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதும், நித்திரை இல்லாமல் விடிய எழும்பேக்க ஒற்றைத் தலையிடி வாறதும் எனக்குப் பழகின வருத்தம், அதுக்கெண்டு மச்சாள் கனடாவில இருந்து மக்னீசியம் போத்தல் ஒண்டு குடுத்துவிட்டவ. லேபிளைப் பாத்தால் மக்னீசியம் ஒக்சைட் எண்ட வகை. மலிவுதான், ஆனா உடம்பில சுவறுறது குறைவு, மிச்சம் குடலுக்க தண்ணியை இழுக்கும், எனக்கு வயித்தாலைதான் போச்சுது. பிறகு பாமசியில கேட்டு மக்னீசியம் கிளைசினேட் எண்ட வேற வகை வாங்கினன், விலை கூட எண்டாலும் வயித்தோட சண்டை பிடிக்கேல்லை. நித்திரை இப்ப பரவாயில்லை, தலையிடியும் குறைஞ்ச மாதிரி, கால் பிடிப்பு மட்டும் அப்பிடியே கிடக்குது.

நான் தைரொயிட்டுக்குத் தைரொக்சின் குளிசையும் போடுறனான். கிளினிக்கில டொக்டர் சொன்னவ, "பிள்ளை, ரெண்டையும் சேத்துப் போடாதைங்கோ, 4 மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கோ" எண்டு, மக்னீசியம் தைரொக்சினைச் சரியா உடம்பில சேர விடாதாம். அதால தைரொக்சின் காலமை வெறுவயித்தில, மக்னீசியம் படுக்கேக்க. கிட்னி வருத்தக்காரர் டொக்டரைக் கேக்காமல் மக்னீசியத்தைத் தொடவே கூடாது, வெளியேறாமல் ரத்தத்தில கூடிப்போகும். ரத்த டெஸ்டும் முழுக்கதை சொல்லாது, உடம்பில உள்ள மக்னீசியத்தில 1 வீதம்கூட ரத்தத்தில இல்லை, மிச்சத்தில கனக்க எலும்பிலயும் தசையிலயும்தான்.

அம்மாவுக்கு உந்தக் குளிசையளைக் கண்ணில காட்டேலாது. "எள்ளுப்பாகைத் தின், குரக்கன் பிட்டை அவி" எண்டுவா. அதுகளிலயும் மக்னீசியம் நல்லா இருக்குத்தான், எள்ளுப்பாகு எண்டால் நான் ஒருநாளும் மாட்டன் எண்டு சொன்னதில்லை. விட்டமின் டி போத்தலும் அலுமாரியில கிடக்கு, ரத்தத்தில அளவு பாக்காமல் அதைத் துறக்கிறேல்லை.