அப்பாவுக்கு வந்த இரண்டு மூச்சுத்திணறல்கள்

மூச்சு வாங்கினால் நெஞ்சில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அப்பாவுக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை மூச்சுத்திணறல் வந்தது, வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன, ஆனால் முதலாவதில் அவருடைய நுரையீரல் கிட்னிக்குத் துணையாக நின்றது, இரண்டாவதில் கிட்னி வெளியேற்றாத தண்ணீர் அதே நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது.

அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பால் பல வருடமாகக் கிட்னி பாதிப்பு உண்டு. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தாலும் மாத்திரையோடு நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தார். நடுவில் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தது. சிறுநீர் குறைந்துபோய், எப்போதும் ஒரு அசதி, வாந்தி வருகிற மாதிரி உணர்வு, அப்புறம் இந்த மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாலு மாடி ஏறி வந்தவர் மாதிரி ஆழமாகவும் வேகமாகவும் இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். இருமல் இல்லை, விசில் சத்தம் இல்லை. விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 98 காட்டியது, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. ஆக்சிஜன் இவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்கு இப்படி மூச்சு வாங்க வேண்டும் என்று எங்களுக்குப் புரியவே இல்லை.

அப்போதுதான் ரத்தத்தில் அமிலமும் வாயுக்களும் எவ்வளவு என்று பார்க்கும் ஏபிஜி என்ற ஒரு பரிசோதனை எடுத்தார்கள். வழக்கம்போல முழங்கையில் எடுக்காமல், மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கும் இடத்தில் ஊசியை இறக்கி எடுப்பார்கள். சாதாரண ஊசியை விட வலி அதிகம், எடுத்த பிறகு அந்த இடத்தைச் சில நிமிடம் நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். முடிவு சீக்கிரமே வந்துவிடும். அப்பாவுக்கு பி.எச். (ரத்தத்தின் அமில நிலையைக் காட்டும் எண், அது இறங்கினால் அமிலம் கூடியிருக்கிறது என்று அர்த்தம்) 7.28, அமிலத்தை அடக்கும் பைகார்பனேட் 12, கார்பன் டை ஆக்சைடு 26. சாதாரணமாக பி.எச். 7.35 முதல் 7.45, பைகார்பனேட் 22 முதல் 26, கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 45 வரை இருக்க வேண்டும். மூன்றுமே குறைவு.

இதை எனக்குப் புரிய வைத்தவர் கிட்னி டாக்டர். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். உடம்பு நாள் முழுக்க அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போய்விடும். ஆனால் புரதம் செரிப்பதால் வரும் கந்தக அமிலம் போன்றவற்றை மூச்சில் விட முடியாது, அவற்றை கிட்னிதான் சிறுநீரில் தள்ள வேண்டும், கூடவே அமிலத்தை அடக்கும் பைகார்பனேட்டை வீணாகாமல் மீட்டு ரத்தத்துக்குத் திருப்பித் தரவும் வேண்டும். அப்பாவின் கிட்னியால் இரண்டையும் செய்ய முடியவில்லை, போதாததற்கு வயிற்றுப்போக்கிலும் பைகார்பனேட் போய்விட்டது. ரத்தத்தில் அமிலம் ஏறியதும் மூளையின் அடிப்பகுதியும் கழுத்து ரத்தக்குழாயில் உள்ள உணர்விகளும் அதைக் கண்டுபிடித்து மூச்சை முடுக்கிவிடுகின்றன. கார்பன் டை ஆக்சைடும் ஒரு வகையில் அமிலம்தான், அதை அதிகமாக வெளியே ஊதினால் பி.எச். கொஞ்சம் நிமிரும். நுரையீரல் சில நிமிடங்களில் இந்த வேலையைத் தொடங்கிவிடும். கிட்னி சரிசெய்ய ஆரம்பித்தால் மணிக்கணக்கில், சமயத்தில் நாள்கணக்கில் ஆகும், ஆனால் மூச்சில் விட முடியாத அந்த அமிலத்தை உண்மையில் வெளியேற்றுவது கிட்னி மட்டும்தான். நுரையீரல் செய்வது அதுவரை தாக்குப்பிடிக்கும் வேலை.

ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். விண்டர்ஸ் சூத்திரம் என்பார்கள்: பைகார்பனேட்டை 1.5 ஆல் பெருக்கி 8-ஐக் கூட்டினால், கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியும், இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம். 12-க்குப் போட்டால் 18, அதோடு 8, ஆக 26. ரிப்போர்ட்டிலும் அதே 26. அப்பாவின் நுரையீரல் செய்ய வேண்டியதை முழுசாகச் செய்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் 40 இருந்திருந்தால் பார்க்க இயல்பான எண் மாதிரித் தெரியும், உண்மையில் மூச்சு களைத்துப்போகிறது என்பதற்கான அடையாளம் அது. அந்த ஒரு கணக்கு எனக்குக் கொடுத்த தைரியம் கொஞ்ச நஞ்சமல்ல. ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1874-லேயே இந்த ஆழ்ந்த மூச்சைச் சர்க்கரை நோயாளிகளிடம் கவனித்து எழுதியிருக்கிறார், இன்றும் அவர் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள்.

இப்படி மூச்சு விடுபவரைப் பார்த்தால் பதற்றம் என்று நினைத்து "நிதானமா விடுங்கப்பா" என்று சொல்லத்தான் தோன்றும். தயவுசெய்து அடக்கச் சொல்லாதீர்கள், தூக்க மாத்திரை எதுவும் நீங்களாகக் கொடுக்கவும் கொடுக்காதீர்கள். அந்த மூச்சுதான் அவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

சொட்டு மருந்தில் பைகார்பனேட் ஏற்றினார்கள், இழந்த நீருக்காக சலைனும் போனது. டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று முன்கூட்டியே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள், நல்லவேளையாக அதுவரை போகவில்லை. பி.எச். ஏற ஏற மூச்சு தானாக நிதானமானது.

ஆனால் சிறுநீர் இன்னும் சரியாகப் பிரியவில்லை. கால் வீங்கியது, எடை கூடியது. அப்புறம் ஒரு இரவு படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்றார். இந்தத் தடவை ஆக்சிஜன் 90-க்குக் கீழே போயிருந்தது, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் கறகறவென்று சத்தம், எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெண்மை. ஆரோக்கியமான கிட்னிகள் ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் 99 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடும். அந்த ஒன்றிரண்டு லிட்டர் வெளியேறாமல் நின்றுவிட்டால் உப்பும் தண்ணீரும் ரத்தத்தில் சேர்ந்து, அழுத்தம் கூடி, நுரையீரலின் காற்றுப்பைகளுக்குள் கசிகிறது. பைகார்பனேட் மருந்திலும் சோடியம் இருக்கிறது, சோடியம் இருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கும். அமிலத்துக்கு அந்த மருந்து கட்டாயம் தேவை, அதனால்தான் கொடுக்கும்போதே தண்ணீர்க் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. முதுகை நிமிர்த்தி உட்கார வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, நீர் பிரிவதற்கான ஊசி போட்டார்கள். நல்லபடியாகச் சிறுநீர் பிரிந்தது, எடையும் இறங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டமான பகுதி, ஏனென்றால் இனி கணக்குப் பார்க்க வேண்டியது நாம். குடிக்கும் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொன்னார்கள்: முந்தின நாள் பிரிந்த சிறுநீரின் அளவு, அதற்கு மேல் சுமார் 500 மில்லி. அது எதற்கு 500 என்று கேட்டேன். ஈர மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நமக்குத் தெரியாமலே தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறதாம், அதற்கு ஈடாம். இது அப்பாவுக்குச் சொன்ன அளவு, ஒவ்வொருவருக்கும் மாறும், உங்கள் டாக்டர் சொல்வதுதான் உங்களுக்கு. தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடும் முன், ஒரே எடைக் கருவியில் நிறுத்துக் குறித்துக்கொள்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், கால் வீங்குவதற்கு முன்பே எடை காட்டிக் கொடுத்துவிடும். தாகத்தைத் தாங்குவதுதான் அப்பாவுக்கு ரொம்ப சிரமமாக இருந்தது. உப்பைக் குறைத்த பிறகு தாகமும் குறைந்தது, அது பெரிய நிம்மதி.

கிட்னிக்கும் நுரையீரலுக்கும் இன்னொரு தொடர்பும் இருப்பது அப்பாவின் வறட்டு இருமலால் தெரிந்தது. ரத்த அழுத்தம் குறையும்போது கிட்னி ரெனின் என்ற ஒன்றைச் சுரக்கும், அதிலிருந்து தொடங்கும் சங்கிலியில் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளை வீரியமாக்கும் நொதி நுரையீரலின் ரத்தக்குழாய்களில்தான் ஏராளமாக இருக்கிறது. அப்படி வீரியமான ஆஞ்சியோடென்சின்தான் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கச் சொல்லி கிட்னிக்குச் சேதி அனுப்புகிறது. அந்த நொதியைத் தடுக்கும் பிரஷர் மாத்திரை சிலருக்கு வறட்டு இருமல் தரும். அப்பாவுக்கு அதை நிறுத்தி வேறு வகை மாத்திரை மாற்றினார்கள், இருமல் நின்றது. இந்த இரண்டு வகையுமே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை, அமிலம் கூடினாலும் பொட்டாசியம் ஏறும், அதனால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசி ரிப்போர்ட்டில் பைகார்பனேட் 23. சோடியம் பைகார்பனேட் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார் டாக்டர், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எடை குறித்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.